ஒன்றரைக் கட்டை

அறிவிப்பு அறை என்று அதற்குப் பலகை மாட்டியிருந்தார்களே தவிர, அது அறையன்று; பேருந்து நிலையத்தின் மாடிப்படி திரும்பும் இடத்தில் மூன்று பக்கமும் கண்ணாடி வைத்து அடைத்த ஒரு பெட்டி. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மேசை, மேசைமேல் ஓர் ஒலிவாங்கி, அதன் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான், சுவரில் நேர அட்டவணை. வெயில் நாள்களில் அங்கே உட்காருவது சூடேறிய பானைக்குள் உட்காருவதற்கு ஒப்பாகும். மழை நாள்களில் கண்ணாடியின் உட்புறம் நீர் வழியும். பதினேழு ஆண்டுகளாக அந்தப் பெட்டிக்குள் அமர்ந்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ முந்நூறு முறை, எந்த வண்டி எந்த மேடையிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்படும் என்று சொல்லிவந்தாள் ஒருத்தி. ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அவளை மைக்கக்கா என்று அழைத்தார்கள். பயணிகள் அவளை எப்படியும் அழைத்ததில்லை; அவர்களுக்கு அவள் தூணில் தொங்கிய ஒலிபெருக்கிதான்.

அந்த வேலையை எளிதென்று நினைப்பவர்கள் ஒருநாள் செய்து பார்க்கவேண்டும். ஊர்ப்பெயரை அவள் இருமுறை சொல்வாள். முதன்முறை சற்று உயர்த்தி, இரண்டாம் முறை தாழ்த்தி. இரைச்சலில் முதலாவது காதைத் திருப்புவதற்கு, இரண்டாவது மனத்தில் பதிவதற்கு. மூச்சு வாங்கும்போது முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொள்வாள். ஒலிவாங்கியில் மூச்சு விழுந்தால் அது கூட்டத்தின் தலைமேல் புயலடிப்பதுபோல் கேட்கும். இதையெல்லாம் அவளுக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை.

அவள் கணவர் அதே போக்குவரத்துப் பணிமனையில் இருக்கை தைப்பவர். கிழிந்த ரெக்சினை உரித்தெறிந்து, நசுங்கிப்போன நுரைப்பஞ்சை வெட்டியெடுத்து, புதியதை ஒட்டி, மேலே உறை இழுத்துத் தைப்பார். பணிமனையில் அவருக்கு மெத்தைக்காரர் என்று பெயர். ஒரு மாதத்தில் அவர் பேசுவதை அவர் மனைவி ஒரு முற்பகலில் பேசித் தீர்த்துவிடுவாள் என்று கேலி செய்வார்கள். அதற்கும் அவர் பதில் சொல்லமாட்டார். பன்னிரண்டு வயதில் ஒரு மகள். இவர்களோடு அவருடைய தம்பி. அவள் மணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது இளையவனுக்கு ஒன்பது வயது, தாயில்லாப் பிள்ளை. அவனுக்கு முகம் கழுவிவிட்டதும், பரீட்சைக்கு எழுப்பிவிட்டதும், காய்ச்சலில் பக்கத்தில் கிடந்ததும் அவள்தான். ஆகவே முப்பது வயதிலும் அவனை ‘டா’ போட்டுப் பேசும் உரிமை அவளுக்கு இருந்தது.

இளையவன் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி கட்டுபவன். எந்த ஒலியைக் கேட்டாலும் அதன் சுருதி இன்னதென்று சொல்லிவிடுவான். மேல்வீட்டுத் தண்ணீர் மோட்டார் இரண்டரைக் கட்டையில் உறுமுகிறது என்பான். பாடுகிறவர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். கட்டை ஏற ஏறக் குரலும் ஏறவேண்டும். பதினோர் ஆண்டுகளாக அவன் பாட்டுகள் செய்து இசை நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். ஒரு நிறுவனமாவது ‘உன் பாட்டு நன்றாக இல்லை’ என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அந்த மரியாதையைக்கூட எவரும் அவனுக்குச் செய்யவில்லை.

வீட்டின் பின்னறைதான் அவனது பதிவுக்கூடம். அண்ணன் பணிமனையிலிருந்து கொண்டுவந்த பழைய இருக்கைப் பஞ்சைச் சுவரெங்கும் ஒட்டி, சன்னலையும் அதனாலேயே அடைத்திருந்தான். வெளிச்சத்தம் உள்ளே வராதா என்று அவள் ஒருமுறை ஐயப்பட்டபோது, மெத்தைக்காரர் அதிசயமாக வாய் திறந்தார்.

“இருபது வருஷம் பஸ்ல ஆளுங்க உட்கார்ந்த பஞ்சு. அது கேட்காத சத்தமா.”

ஒரு மாலை, அண்ணியை அழைத்துவரப் போன இளையவன் மழைக்கு ஒதுங்கி மேடையில் நின்றான். மேலேயிருந்து அவள் குரல் வந்தது. ஊர்ப்பெயர் ஏறி இறங்கியது. ஒரு நொடி நின்றது. மேடை எண் வந்தது. அவன் கம்பியில் விரலால் தட்டத் தொடங்கினான். மறுநாள் நான்கு வரிகளை எழுதிக்கொண்டுவந்து அடுப்படியில் படித்துக்காட்டினான்.

போற வண்டி போகட்டும்,
புழுதி வந்து மூடட்டும்;
போகாம நில்லு, நீ மட்டும்,
இந்த மேடையில நீ மட்டும்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிராமலே, வண்டியை விட்டுவிட்டு நிற்கச் சொல்கிற பாட்டை அறிவிப்புக்காரியிடம் கொண்டுவரலாமா, வேலையைப் பறித்துவிடுவார்கள் என்றாள். ஆனால் அன்றிரவு பாத்திரம் துலக்கும்போது அதை முணுமுணுத்தது அவள்தான்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் பதிவு நடந்தது. மின்விசிறி ஓடினால் அதன் ஒலியும் விழும் என்பதால் நிறுத்திவிடுவார்கள். பஞ்சு சூடேறி, பல்லாயிரம் பயணிகளின் வாடை அறையெங்கும் எழும். மேல்வீட்டு மோட்டார் ஓடினால் காத்திருக்கவேண்டும். மகள் கதவுக்கு வெளியே நின்று, மோட்டார் நின்றதும் இரண்டு தட்டுத் தட்டுவாள்.

“நின்னு பாடுங்க அண்ணி. அப்பதான் வயித்துலேருந்து வரும்.”

“எனக்கு உட்கார்ந்தாத்தான்டா வாயே திறக்கும். வேணும்னா உன் பாட்டை நீயே நின்னு பாடிக்கோ.”

மெத்தைக்காரர் ஒரு பழைய ஒற்றை இருக்கையைத் தூக்கிவந்து போட்டார். அதில் அமர்ந்து, இடக்கையைக் காதில் வைத்துக்கொண்டு அவள் பாடினாள். வழக்கம்போல் ஒவ்வொரு வரியின் முடிவிலும் முகத்தைத் திருப்பி மூச்சு வாங்கினாள்.

“மூச்சை ஏன் அண்ணி ஒளிக்கிறீங்க? அதுவும் பாட்டுதான். உள்ள விடுங்க.”

தலைவாராமல் தெருவில் நிற்கச் சொன்னதுபோல் அவள் கூசினாள். எனினும் பாடினாள். அவள் குரல் நாலரைக் கட்டைக்கு வாகானது. அந்தச் சுருதியில் அது வற்றாமல், அலட்டிக்கொள்ளாமல், நாற்பத்தோரு வயதுப் பெண்ணின் குரலாகவே இருந்தது. ‘நீ மட்டும்’ என்ற இடத்தில் மட்டும் சற்று எட்டிப்பிடிக்க வேண்டியிருந்தது. எட்டிப்பிடித்தாள்.

அத்தோடு அவன் விட்டிருக்கவேண்டும். தொடர்ந்து நான்கு நாள்கள் அதையே கேட்டுக்கேட்டு, பாட்டு தூங்குகிறது என்ற எண்ணம் அவனுக்கு வந்துவிட்டது. கணினியில் வேகத்தைக் கூட்டினான். வேகம் கூடினால் சுருதியும் கூடும். ஒன்றரைக் கட்டை ஏறியபோது நிறுத்தினான். மூன்று நிமிடம் பத்து விநாடி ஓடிய பாட்டு இரண்டு நிமிடம் நாற்பது விநாடியில் முடிந்தது. குரல் மெலிந்து, பளபளத்து, பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தியின் குரலாகிவிட்டது. ஒருவரின் முகத்தை அவரைக் கேளாமல் மாற்றி வரைவது பிழையென்று எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். குரலை மாற்றினால் மட்டும் அதற்குத் தொழில்நுட்பம் என்று பெயர்.

ஆனால் அவளிடம் அவன் மறைக்கவில்லை; அதையும் சொல்லத்தான் வேண்டும். வேலை முடிந்து வந்தவளை இருக்கையில் உட்காரவைத்துப் போட்டுக்காட்டினான். அவள் கேட்டாள், வாய்விட்டுச் சிரித்தாள்.

“யாருடா இந்தப் பொண்ணு?”

“நீங்கதான் அண்ணி.”

“பொய் சொல்லாதே. இவ என்னைவிட நல்லாருக்கா.”

இன்னொரு முறை போடச் சொன்னாள். பிறகு இன்னொரு முறை. மெத்தைக்காரர் கதவருகில் நின்று கேட்டுவிட்டுக் கைகழுவப் போனார்.

பாட்டை அனுப்பிய ஒன்பதாம் நாள் ஒரு நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. பாட்டுகளை வெளியிடும் பொறுப்பிலிருந்த பெண் நேரிலேயே வந்தாள். அவளுக்கு முப்பதுக்குள்தான் இருக்கும். அறிவிப்புக்காரியைக் கண்டதும் ஒரு கணம் அவள் புன்னகை தடுமாறியது. பாட்டின் அட்டையில் முகம் வேண்டாம், குடையோடு ஒரு பெண்ணின் கோட்டுச்சித்திரம் போதும், பெயரும் ‘பயணி’ என்று மட்டும் இருக்கட்டும் என்று அவள் அங்கேயே முடிவு செய்தாள். ஒப்பந்தத் தாள்கள் பதினான்கு பக்கம். இளையவன் ஒப்பமிட்டான். அவன் விரல் வைத்துக் காட்டிய இடங்களில் அண்ணியும் ஒப்பமிட்டாள். நேர அட்டவணையில் ஒரு நிமிடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடும் அந்தப் பெண்மணி, தன் குரலைப் பற்றிய பதினான்கு பக்கத்தில் ஒரு வரியையும் படிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பாட்டு வெளிவந்தது. முதல் வாரம் தரவரிசையில் எண்பத்தாறாம் இடம். இளையவன் அந்த எண்ணை அடுப்படிச் சுவரில் கரியால் எழுதினான். அடுத்த வாரம் முப்பத்தொன்று. மூன்றாம் வாரம் எவனோ ஒரு நடத்துநர், ஓடும் வண்டியின் படியில் நின்று அந்தப் பாட்டுக்கு வாயசைத்ததைப் படம்பிடித்துப் போட, அது காட்டுத்தீயாகப் பரவியது; இடம் ஒன்பது. நான்காம் வாரம் ஒன்று. மகள் பள்ளியில் எல்லாரிடமும் சொன்னாள், ஒருத்தியும் நம்பவில்லை. ‘உங்க அம்மா கிழவிடி, அது சின்னப் பொண்ணு பாடுறது’ என்று சொன்னார்களாம். அதைச் சொல்லி அழுதவளைத் தேற்றுவதை விட்டுவிட்டு, தாய் கண்ணாடியின் முன் சற்றுநேரம் நின்றாள்.

நிலையத்துத் தேநீர்க்கடையில் அந்தப் பாட்டு ஓடும். மாடியில் அவள் அறிவிப்பாள். கீழே இரண்டு குரலையும் ஒருசேரக் கேட்ட ஆயிரம் பேரில் ஒருவருக்கும் இரண்டும் ஒன்றென்று தோன்றவில்லை. முதலில் அது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு ஒருநாள் தேநீர்க்கடைக்காரரிடம் தானே போய்ச் சொன்னாள். அவர் நல்ல மனிதர். ‘அப்படியா அக்கா’ என்று சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்தவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

ஆறாம் வாரம் வதந்தி கிளம்பியது. அப்படியொரு பாடகியே இல்லை, குரல் முழுவதும் கணினி செய்த மோசடி என்று யாரோ எழுத, நூறு பேர் அதைத் தின்று நூறு பேர் மேல் கக்கினார்கள். நிறுவனத்துப் பெண் மறுபடியும் வந்து பின்னறையில் உட்கார்ந்தாள். அவள் பேச்சில் சர்க்கரை குறைந்திருந்தது. தரவரிசையின் ஆண்டு விழா ஒரு விளையாட்டுத் திடலில் பகலில் நடக்கிறது. முதலிடத்தில் உள்ளவர் நேரில் பாடவேண்டும். உதட்டை மட்டும் அசைக்க அங்கே அனுமதியில்லை. அதில் பாடிவிட்டால் ஊர்வாய் அடங்கும். இவ்வளவையும் அவள் விளக்கினாள்.

“பாடறேன்மா. நாலரைக் கட்டையில வாத்தியம் வைக்கச் சொல்லுங்க,” என்றாள் அறிவிப்புக்காரி.

“அது முடியாதுக்கா. ஜனங்க வீட்டுல கூடவே பாடறாங்க. அரைக் கட்டை இறக்கினாலும் கண்டுபிடிச்சிடுவாங்க. பதிவுல உள்ள சுருதியிலதான் பாடணும். பதினோராம் பக்கத்துல இருக்கு.”

“அது என் சுருதி இல்லையேம்மா.”

“பாட்டு உங்களோடதுதானேக்கா?”

பாடாவிட்டால் பாட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, நிறுவனத்தை ஏமாற்றியவன் இளையவன்தான் என்று அறிக்கை விடுவார்களாம். இதை நிறுவனத்துப் பெண் மிரட்டலாகச் சொல்லவில்லை. வானிலை சொல்வதுபோல் சொன்னாள். இளையவன் சுவரிலிருந்த பஞ்சைக் கிள்ளிக்கொண்டிருந்தான்.

விழாவுக்கு ஐந்து வாரம் இருந்தது. காலை ஆறிலிருந்து பிற்பகல் இரண்டு வரை பெட்டிக்குள் அறிவிப்பு. வந்து ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றுவிட்டு, நான்கிலிருந்து ஆறுவரை பின்னறையில் பயிற்சி. முதல் வாரம் ஐந்து கட்டை, வந்துவிட்டது. ஐந்தரைக் கட்டையில் குரல் பிசிறியது. இளையவன் சுடுநீர் வைத்துக் கொடுத்தான். ஆவி பிடிக்கச் செய்தான். தோளைத் தளர்த்தச் சொன்னான். ஆறாம் கட்டையைத் தொட்ட அன்று இருவரும் குழந்தைகள்போல் குதித்தார்கள். மறுநாள் அது வரவில்லை. அதற்கு மறுநாள் வந்தது. ஆனால் அறிவிப்பில் ஊர்ப்பெயரை இரண்டாம் முறை சொல்லும்போது குரல் தேய்ந்தது. கீழேயிருந்து நடத்துநர் ஒருவர், ‘மைக்கக்கா, ஐஸ் தின்னீங்களா?’ என்று கத்தினார்.

அந்த வாரம் முழுவதும் வறண்ட காற்று அடித்தது. நிலையத்துப் புழுதி கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் புகுந்து ஒலிவாங்கியில் படிந்தது. ஒரு காலை பல் துலக்கும்போது எச்சிலில் சிவப்பு இழை ஒன்று வந்தது. அவள் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அதை மெத்தைக்காரர் பார்த்துவிட்டார்.

தொண்டை மருத்துவர் குழாய்விட்டுப் பார்த்தார். பிறகு திரையில் அவளுக்கும் காட்டினார்: ஈரமான இரண்டு வெண்ணிற மடிப்புகள், ஒன்றின்மேல் செந்நிறக் கொப்புளம். உள்ளே நுண்ணிய குருதிக்குழல் வெடித்திருக்கிறது என்றார். ஆறு வாரம் ஒரு சொல்கூடப் பேசலாகாது; முணுமுணுப்பதும் கூடாது. பேசாதிருந்தால் ஆறிவிடும். இந்தப் புண்ணோடு உயர்த்திப் பாடினால் மடிப்பு கிழியும். கிழிந்து ஆறினால் தழும்பு. தழும்பு விழுந்த மடிப்பில் குரல் பிறக்காது. விழாவுக்கு அப்போது ஒன்பது நாள் இருந்தது.

அன்று மாலை நால்வரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தார்கள். உருளைக்கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது. அவள் கைப்பேசியில் எழுதி நீட்டுவாள். மகள் உரக்கப் படிப்பாள். முதலில் எழுதியது: ‘ஆறு வாரம் கழித்துப் பாடக்கூடாதா?’ விழாவைத் தள்ளிவைக்க முடியாது என்று நிறுவனத்துப் பெண் சொல்லிவிட்டதை இளையவன் தெரிவித்தான். வேறு யாரையாவது ஆறு கட்டையில் பாடவைத்து இவளை நிற்கவைக்கலாமா என்று கேட்டானாம். அதுதானே வதந்தி என்று அந்தப் பெண் சிரித்தாளாம்.

“அண்ணி, நீங்க பாட வேண்டாம். நான் போய்ச் சொல்லிடறேன். நான்தான் மோசடின்னு ஒத்துக்கறேன். என்ன ஆயிடும்? திரும்ப மைக் கட்டப் போறேன்.”

அவன் அதை உண்மையாகவே சொன்னான். ஆனால் சொல்லும்போது அவன் பார்வை அடுப்படிச் சுவரிலிருந்த கரி எண்களுக்குப் போய் மீண்டது. அதை அவள் கண்டாள்.

மெத்தைக்காரர் கிழங்கை இரண்டாகப் பிளந்து, பிளந்ததைத் தின்னாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு அந்தப் பாட்டு பிடிக்கல,” என்றார். “முதல் நாள்லேருந்தே பிடிக்கல. அது யாரோ. எனக்கு யாரோட குரல் தெரியுமோ, அது போயிடும்னு டாக்டர் சொல்றாரு. வேற என்ன பேசணும்?”

இருபத்தோர் ஆண்டு இல்வாழ்க்கையில் அவர் தொடர்ச்சியாகப் பேசிய மிக நீண்ட பேச்சு அதுவாகத்தான் இருக்கும். மகள் அழத் தொடங்கினாள். அறிவிப்புக்காரி கைப்பேசியைக் கையில் எடுத்தாள், எழுதவில்லை. மருத்துவர் தடுத்திருந்ததை மீறி வாயாலேயே சொன்னாள்.

“அது நான்தாங்க. எல்லாரும் நான் இல்லங்கிறாங்க. டீக்கடைக்காரர், இவ ஸ்கூல்ல, இப்ப நீங்களும். ஒரே ஒரு தடவை நான்தான்னு காட்டிடறேன். அப்புறம் ஆறு வாரம் இல்ல, ஆறு மாசம்கூட வாயைத் திறக்கல.”

அது அவளில்லை என்பதுதான் உண்மை. ஆனால் அவள் குரலைத் திருடி, அவளைவிட அழகாக்கி, அவளுக்கே பொறாமை உண்டாக்கிவிட்ட பிறகு, இலக்கணம் பிசகாத உண்மையை அவள்முன் வைத்து யாது பயன்? மேசையிலிருந்த மூவரும் அதைச் சொல்லவில்லை. இளையவன் சொல்லியிருக்கலாம், அவன் ஒருவனுக்குத்தான் அது அணுஅணுவாகத் தெரியும். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்டு நாள் அவள் வாய் திறக்கவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டாள். ஒன்பதாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு, வெயில் தகதகத்த திடலில், நாற்பதாயிரம் பேர் முன் அவளை ஒரு பேருந்து இருக்கையில் அமர்த்தினார்கள். அது நிறுவனத்துப் பெண்ணின் யோசனை. அவளைக் கண்டதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. எதிர்பார்த்த உருவம் அதுவன்று. வாத்தியம் ஆறு கட்டையில் தொடங்கியது.

அவள் பாடினாள். ‘போற வண்டி போகட்டும்’ சரியாக வந்தது. ‘நீ மட்டும்’ வந்தது. பதிவில் இருப்பதைவிடக் கூர்மையாக வந்தது. மேடையோரத்தில் ஒலிக்கருவியருகே நின்ற இளையவன் இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான். கூட்டம் நம்பிவிட்டது. திடல் அதிர்ந்தது. அவள் முகத்தில் அப்போது இருந்ததை மகிழ்ச்சி என்றே சொல்லவேண்டும்.

இரண்டாம் முறை அதே இடத்துக்கு வந்தபோது ஓர் ஒலி கேட்டது. நாற்பதாயிரம் பேரில் மெத்தைக்காரருக்கு மட்டுமே அது தெரிந்திருக்கும்: இழுத்துக் கட்டிய ரெக்சின் தையலோரம் விடும்போது எழும் ஒலி. அதற்குப் பிறகு அவள் வாய் அசைந்தது, ஒன்றும் வரவில்லை. பழக்கத்தால் அவள் முகத்தை இடப்பக்கம் திருப்பினாள். அவள் கையிலிருந்த ஒலிவாங்கி முன்னே தாழ்ந்தது. அதைத் தங்களுக்கு நீட்டியதாக எண்ணிக்கொண்டு கூட்டம் முழுவதும் ‘நீ மட்டும், நீ மட்டும்’ என்று பாட்டை எடுத்துக்கொண்டது. எஞ்சிய பாட்டு முழுவதையும் அவர்களே பாடி முடித்தார்கள். அவள் பாடவில்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. நிறுவனத்துப் பெண் ஆனந்தக் கண்ணீரோடு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, இதைத் திட்டமிட்டாலும் இப்படி அமையாது என்றாள். மறுவாரமும் பாட்டு முதலிடத்தில் இருந்தது, அதற்கு மறுவாரமும்.

ஆறு வாரம் வீடு ஊமையாயிற்று. அவள் பேசாததால் மற்றவர்களும் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். இளையவன் பின்னறையில் இருந்தான். ஆனால் அங்கிருந்து ஒலியேதும் வரவில்லை. சுவர்ப்பஞ்சைச் சிறுகச் சிறுக உரித்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் கடக்கும்போது தோளைத் திருப்பிக்கொண்டார்கள். இரண்டாவது பாட்டு எப்போது என்று நிறுவனத்திலிருந்து கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். அவன் எடுக்கவில்லை. நிலையத்தில் நடத்துநர்கள் முறைவைத்து அறிவித்தார்கள். மேலாளர் அவள் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்.

நாற்பத்திரண்டாம் நாள் மருத்துவர் பார்த்தார். ஆறிவிட்டது என்றார்; தழும்பு இருக்கிறது என்றார். இரண்டு மடிப்பும் ஒன்றையொன்று தொடவில்லை. இனிப் பேசலாம், வருவதுதான் குரல் என்றார்.

வீட்டுக்கு வந்து, அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மகளை அவள் பெயர் சொல்லி அழைத்தாள். மகள் திரும்பவில்லை. மீண்டும் அழைத்தாள். யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள் என்று நினைத்தவள்போல், “மெதுவாப்பா,” என்று மகள் தந்தையிடம் சொன்னாள். பின்னறை வாசலில் வந்து நின்ற இளையவன் அதைக் கேட்டான். மோட்டாருக்கும் கதவுக்கும் மழைத்தாரைக்கும் கட்டை சொல்லத் தெரிந்தவன், அந்த ஒலிக்கு ஒரு கட்டையும் காணாமல், சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

“அண்ணி, என்னை அடிங்க,” என்றான். “ஒரு தடவையாவது அடிங்க.”

அவள் அடிக்கவில்லை. அவன் எதிரே வந்து நின்று, உடைந்த காற்றாக வந்த ஒலியில் ஏதோ சொன்னாள். அவனுக்குப் புரியவில்லை. திரும்பச் சொன்னாள்; அப்போதும் புரியவில்லை. கடைசியில் கைப்பேசியில் எழுதிக்காட்டினாள்: ‘நாளைக்கு வேலைக்குப் போகணும். சீருடைக்கு இஸ்திரி போடு.’

மறுநாள் மேலாளர் அவளை எழுந்து நின்று வரவேற்றார். அவள் பேசியதைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார்.

“மைக்குல வேற மாதிரி கேட்கலாம்,” என்று தமக்கே நம்பிக்கை ஊட்டிக்கொண்டார். “ஒரு வண்டி சொல்லிப் பாரும்மா. கீழ இருக்கிறவங்களுக்குப் புரிஞ்சா நீதான். புரியலைன்னா எனக்கு வழியில்ல.”

பத்து நாற்பது வண்டி. நான்காம் மேடை. அவள் பெட்டிக்குள் அமர்ந்து பொத்தானை அழுத்தினாள். ஊர்ப்பெயரை உயர்த்தினாள், தாழ்த்தினாள், மேடை எண்ணைச் சொன்னாள். தூண்களிலிருந்து கரகரவென்று இரைச்சல் கொட்டியது. கீழே இருக்கைகளில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், ஒருவரும் எழவில்லை. மறுபடி சொன்னாள். ஒருவர் ஒலிபெருக்கி கெட்டுவிட்டதென்று தூணைத் தட்டினார். நான்காம் மேடையில் ஓட்டுநர் வண்டியைக் கிளப்பி உறுமவிட்டார். வண்டிக்குள் ஐந்தாறு பேரே இருந்தார்கள்.

“விடும்மா,” என்றார் மேலாளர் மெல்ல. “நடத்துநரைச் சொல்லச் சொல்றேன்.”

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, அவரைக் கடந்து, படியில் இறங்கினாள். முதல் இருக்கையில் தகரப்பெட்டியோடு அமர்ந்திருந்த முதியவரின் தோளைத் தொட்டாள். அவர் பயணச்சீட்டை வாங்கிப் பார்த்தாள். நான்கு விரலை உயர்த்தி, நான்காம் மேடையைக் கைநீட்டிக் காட்டினாள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அடுத்து இரண்டு பிள்ளைகளோடு ஒருத்தி. அடுத்து தூங்கிக்கொண்டிருந்த ஒரு கூலியாள். காதில் கருவி மாட்டியிருந்த பெண்ணொருத்தியின் தோளைத் தொட்டபோது, அவள் எரிச்சலோடு ஒன்றைக் கழற்றினாள்.

“என்னம்மா வேணும்? வாயைத் திறந்து சொல்லக்கூடாதா?”

அறிவிப்புக்காரி அவள் மடியிலிருந்த பயணச்சீட்டைச் சுட்டி, நான்கு விரலைக் காட்டினாள். அந்தப் பெண் மேடையைப் பார்த்தாள். பையை அள்ளிக்கொண்டு ஓடினாள். வண்டியிலிருந்து இதையெல்லாம் பார்த்த ஓட்டுநர், இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். இருபத்திரண்டு பேர் ஏறினார்கள். அதன் பிறகே வண்டி நகர்ந்தது. புழுதி எழுந்து அடங்கியது.

மேலாளர் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன முடிவு செய்வார் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பத்து ஐம்பதுக்கு முதல் மேடையிலிருந்து அடுத்த வண்டி. அவள் ஒரு விரலை உயர்த்திக்கொண்டு அடுத்த வரிசை இருக்கைகளை நோக்கி நடந்தாள்.